அறுநூற்று நாற்பது மன்னிப்புகளும் ஒரு தரைத்தள வீடும்

"வீடு காலியா இருக்குன்னு போன்ல சொன்னீங்களே?"

"சொல்லும்போது காலியாத்தாம்மா இருந்துச்சு."

"பத்து நிமிஷம்தாங்க ஆச்சு. இந்தத் தெருமுனையில நின்னுதான் பேசினேன்."

"பத்து நிமிஷத்துல உலகத்துல என்னென்னவோ நடந்துடுதும்மா."

இதைச் சொன்ன வீட்டுக்காரர் டிரைவரம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்தார், கையை ஒருமுறை பார்த்தார், பிறகு தம் கதவு நிலையைப் பார்த்தார். நிலைக்கு அன்று காலைதான் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"சாயாதீங்க, ஒட்டிக்கும்" என்றார். எது எதில் ஒட்டிக்கொள்ளும் என்று அவர் சொல்லவில்லை.

டிரைவரம்மா பதினேழாம் எண் பேருந்தை ஓட்டுகிறவள். அவளுடைய நிறம், மூட்டை தூக்குவதற்கும் தெருக் கூட்டுவதற்கும் ஏற்ற நிறம் என்று அந்த ஊரில் பலர் எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தார்கள். பேருந்தில் ஏறும்போதே அவளைப் பார்த்துவிட்டு, அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிறேன் என்று இறங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. அடுத்த வண்டி அரை மணி கழித்து வரும். அதையும் அவளே ஓட்டி வருவாள்.

அந்த வீட்டுக்குத் தெருவிலிருந்து ஒரே ஒரு படி. அதற்காகத்தான் அவள் அதைக் கேட்டாள். இப்போது இருப்பது நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது, எழுபத்திரண்டு படிகள். கணவன் கப்பல் வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவான். வீட்டில் அவளும் மாமியாரும்தான். மாமியாருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. கடைசியாகக் கீழே இறங்கி ஏழு மாதம் ஆகிறது. ஏழு மாதமாக அந்த அம்மாள் உலகத்தைத் தலைக்கு மேலிருந்துதான் பார்த்துவருகிறார். "யாருக்கு எங்க வழுக்கை விழுதுன்னு எனக்கு அத்துப்படி. ஆனா மூஞ்சி ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்பார்.

வீடு போய்விட்டது என்று நினைத்து மறந்திருப்பாள். ஆனால் பதினேழாம் எண்ணுக்கு அந்த வீட்டு வாசலிலேயே ஒரு நிறுத்தம். 'வாடகைக்கு விடப்படும்' என்ற பலகை மறுநாளும் தொங்கியது. மறுவாரமும் தொங்கியது. போகும்போது ஆறு தடவை, வரும்போது ஆறு தடவை. கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதோடு சேர்த்து இதையும் சொல்லத் தொடங்கினார்.

"ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங் இறங்கறவங்க இறங்கிக்கோங்க. அக்கா, போர்டு இன்னும் அங்கேயேதான் இருக்கு."

மூன்றாவது வாரம் டிரைவரம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு நகராட்சிக் கட்டடத்தின் சமத்துவப் பிரிவுக்குப் போனாள். அங்கே ஒரு கவுன்டர் இருந்தது. கவுன்டருக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா இருந்தார். அவருக்குப் பின்னால் பூட்டிய அலமாரி ஒன்று இருந்தது.

"புகார் கொடுக்கணுங்க."

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க."

"எந்த வார்த்தை?"

"அதான், இப்ப சொன்னீங்களே. அதையெல்லாம் வாங்கறதை நிறுத்திட்டோம். ஒருத்தர் அதைக் கொடுத்தா இன்னொருத்தர் குற்றவாளி ஆயிடறார். குற்றவாளி ஆனா அவர் வருத்தப்படறார். வருத்தப்பட்டா வளர மாட்டார்."

"யாரு வளரணும்?"

"எல்லாரும்தான். நீங்களும்." குமாஸ்தா ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். "தோப்புன்னு இணையத்துல நம்ம குழு. இனவெறிக்கு எதிரா எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து வளர்ற இடம். போன்லயே சேர்ந்துக்கலாம்."

"எனக்கு வளர வேண்டாங்க. வீடு வேணும்."

"முதல்ல எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க" என்றார் குமாஸ்தா, கனிவாக.

தோப்பில் சேருவதற்கு ஒரு படிவம் இருந்தது. முதல் கேள்வி: நீங்கள் எந்த அளவுக்கு இனவெறி கொண்டவர்? விடைகள் மூன்று. மிகவும். மிக மிகவும். எனக்கே தெரியாத அளவுக்கு. நான்காவது விடை இல்லை. டிரைவரம்மா மூன்றாவதைத் தட்டினாள். 'வாழ்த்துகள்! நீங்கள் இப்போது விதை' என்று வந்தது. விதைக்கு அடுத்தது முளை, பிறகு செடி, பிறகு மரம். மரத்துக்கும் மேலே ஒரு நிலை உண்டு, அது நிழல். தோப்பில் இதுவரை யாரும் நிழல் ஆனதில்லை.

இரண்டாவது கேள்வி: நீங்கள் பாதித்தவரா, பாதிக்கப்பட்டவரா? அவள் பின்னதைத் தட்டினாள். திரை அப்படியே நின்றுபோனது. கெட்டுவிட்டதோ என்று அவள் போனைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அது மணியடித்தது.

"சக தாவரமே!" என்றது மூச்சு வாங்கும் பெண் குரல். "நான் தோப்போட ஒருங்கிணைப்பாளர் பேசறேன். இரண்டாவது கேள்விக்கு... நிஜமாவா? கை தவறிப் பட்டுடலையே?"

"இல்லீங்க. வீட்டு விஷயமா..."

"வேண்டாம், இப்ப சொல்லாதீங்க! வீணாப் போயிடும். எல்லாரும் இருக்கும்போது சொல்லணும்." அந்த அம்மாளுக்குக் குரல் தழுதழுத்தது. "மூணு வருஷமா வளர்றோம்மா. அறுநூத்தி நாப்பது பேர். இதுல பாதிக்கப்பட்டவங்கன்னு ஒருத்தர்கூடக் கிடைக்கல. விளம்பரம்கூடக் கொடுத்துப் பார்த்தோம். மன்னிப்பெல்லாம் கேட்டுக் கேட்டு, யாருக்கு அனுப்பறதுன்னு தெரியாம 'பொது'ன்னு போட்டு வெச்சிருக்கோம்."

"இத்தனை நாளா நாங்க எங்க இருந்தோம்னு நினைச்சீங்க?"

"அதைத்தாம்மா நாங்களும் ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கோம்."

ஞாயிறு காலை பத்து மணிக்குச் செவிமடுப்பு வட்டம். மாமியார் தலை வாரி, நல்ல புடவை கட்டி, மருமகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாக முகங்கள் வந்தன.

"இவங்களுக்கெல்லாம் பின்னாடி ஒரே புத்தக அலமாரியாடி இருக்கு?"

"வேற வேற வீடு, அத்தை."

"அப்ப அலமாரி மட்டும் வீடு வீடாச் சுத்துதா?"

ஒருங்கிணைப்பாளர் தொடக்க உரை ஆற்றினார். "இன்று நாம் பேசப் போவதில்லை. நம்மிடையே முதன்முறையாக ஒருவர் வந்திருக்கிறார். அவரை முழுமையாக, ஆழமாக, இடையூறின்றிக் கேட்கப் போகிறோம்." பிறகு ஒரு மணி நேரம் கேட்பதைப் பற்றிப் பேசினார். காது என்பது என்ன, கேட்பவரின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது, கேட்டுக் கேட்டுத் தமக்கு எவ்வளவு களைப்பாகிறது என்றெல்லாம் விளக்கினார். அதன் பிறகு, "சொல்லுங்கள் சக தாவரமே" என்றார்.

டிரைவரம்மா சொன்னாள். போன் செய்ததைச் சொன்னாள். தெருமுனையைச் சொன்னாள். வெள்ளைப் பெயிண்டையும், அதைச் சொல்லும் முன் அவர் அவளுடைய கையைப் பார்த்த விதத்தையும் சொன்னாள். அந்த இடத்தில் அவளுக்கே குரல் கொஞ்சம் உடைந்தது. வெளியாருக்கு அவள் அதைச் சொல்வது அதுதான் முதல் தடவை. திரையில் அறுநூறு பேரும் தலையை ஆட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முடித்த பிறகுதான் மாமியார் திரையின் ஓரத்தைச் சுட்டிக்காட்டினார். "இது என்னடி, மைக் படத்து மேல கோடு போட்டிருக்கு?"

டிரைவரம்மா எழுதிக் கேட்டாள். ஒருங்கிணைப்பாளரும் எழுதியே பதில் சொன்னார்: 'ஆம், உங்கள் ஒலியை நாங்கள்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம். பாதிக்கப்பட்டவர்மீது பேசவேண்டிய சுமையை ஏற்றுவது வன்முறை என்று எங்கள் நெறிமுறை ஏழு சொல்கிறது. உங்கள் மௌனம் எங்களை உலுக்கிவிட்டது.'

அன்று மாலையிலிருந்து மன்னிப்புகள் வரத் தொடங்கின.

மூன்று வருடம் 'பொது'வில் தேங்கிக் கிடந்தவை எல்லாம் இப்போது ஒரே விலாசத்துக்குத் திரும்பின. ஒவ்வொன்றின் அடியிலும் 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு பச்சைப் பொத்தான். அவள் அதை அமுக்கினால்தான் மன்னிப்புக் கேட்டவர் அடுத்த நிலைக்கு வளர முடியும். அமுக்கிய பின் இரண்டு வாக்கியங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'என் மனம் லேசானது.' 'என் மனம் மிகவும் லேசானது.'

பல் மருத்துவர் ஒருவர், இருபது வருடங்களாகப் பல் வெண்மையாக இருக்க வேண்டும் என்று நோயாளிகளிடம் சொல்லிவந்ததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். இன்னொருவர் தம் தாத்தா செய்ததற்குக் கேட்டிருந்தார், பிறகு தாத்தாவின் நாய் செய்ததற்கும் கேட்டிருந்தார். ஓர் ஓவிய ஆசிரியை, பதினேழாம் எண் பேருந்தில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்ததற்கும், அதை உணர்ந்து முன்னால் போய் உட்கார்ந்ததற்கும் தனித்தனியே கேட்டிருந்தார். நேற்றைய மன்னிப்பின் தொனி சரியில்லை என்று இன்று மன்னிப்புக் கேட்டவர்கள் நாற்பது பேர்.

டிரைவரம்மா கடைசி நிறுத்தத்தில் தேநீர் இடைவேளையில் உட்கார்ந்து அமுக்கினாள். தேநீர் ஆறிப்போனது. கண்டக்டருக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"கொடுங்கக்கா, பாதியை நான் அமுக்கறேன். தினம் ஆயிரம் டிக்கெட் கிழிக்கற கை இது."

"ரேகை கேட்குதுப்பா. பாதிக்கப்பட்ட விரலாத்தான் இருக்கணுமாம்."

"ஏன், என் விரலுக்கு என்ன குறைச்சல்? போன வாரம் கதவுல மாட்டி நசுங்கிச்சே!"

அமுக்கத் தாமதமானால் போன் வந்தது. "மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். ஐயோ, இதுக்கும் ஒரு பொத்தான் வந்திருக்கும், அதையும் கொஞ்சம் பார்த்துடுங்க. எனக்கு வர்ற செவ்வாய்க்குள்ள மரம் ஆகணும். ஆபீஸ்ல பதவி உயர்வுக்குத் தோப்புச் சான்றிதழ் கேட்கறாங்க." இன்னொருவர்: "மேடம், நீங்க 'லேசானது'ன்னு மட்டும் போட்டிருக்கீங்க. 'மிகவும்' போட்டிருக்கலாமே. நான் அழுதுகிட்டே எழுதினேன்."

இரண்டாவது வட்டத்தில்தான் அது நடந்தது. ஒருங்கிணைப்பாளர், "நம் தோப்பின் மிக உயரமான மரம் இன்று பேசுகிறார். இருநூற்றுப் பதினொரு மன்னிப்புகள். இன்னும் ஒன்று கேட்டால் நம் முதல் நிழல்" என்றார். திரையில் ஒரு கட்டம் பெரிதாயிற்று.

"ஏண்டி வாயைப் பொளந்துட்டு உட்கார்ந்திருக்க?"

"வீட்டுக்காரர், அத்தை."

"எந்த வீட்டுக்காரர்?"

"பெயிண்ட்டு."

மாமியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்காரர் கண்ணை மூடித் திறந்தார். "சக தாவரங்களே! சில வாரங்களுக்கு முன் என் கதவருகே ஒரு பெண் வந்து நின்றார். அவரைக் கண்டதும் என் வாய் 'இல்லை' என்றது. அந்த 'இல்லை' என்னுடையதா? என் தந்தையுடையதா? வரலாற்றினுடையதா? அன்று பகல் முழுவதும் நான் சாப்பிடவில்லை. நாலு மணிக்குத்தான் சாப்பிட்டேன். அதுவும் ருசிக்கவில்லை. நான் பட்ட பாட்டை அந்தப் பெண் அறிய வாய்ப்பில்லை. அவர் பாட்டுக்குப் போய்விட்டார். நானல்லவா அந்தக் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்! இவ்வளவு பெரிய வேதனையை எனக்கு அளித்து என்னை வளர்த்த அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றி. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

திரை முழுவதும் இலைகள் உதிர்ந்தன. தோப்பில் கைதட்டுவதற்குப் பதில் இலை போடுவார்கள்.

டிரைவரம்மா எழுதினாள்: 'அது நான்தாங்க. வீடு இன்னும் காலியாங்க?'

சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: 'விதைகள் கேள்வி கேட்பதில்லை. விதைகள் மண்ணுக்குள் இருக்கும்.' அவள் எழுதியது அழிந்துபோனது. அடுத்த நொடி அவளுடைய பெட்டியில் வீட்டுக்காரரின் மன்னிப்பு வந்து விழுந்தது. ஆறு பக்கம். அடியில் பச்சைப் பொத்தான்.

பழக்கத்தில் அவள் விரல் போனது.

"அமுக்காதே" என்றார் மாமியார்.

"ஏன் அத்தை?"

"அவனுக்கு என்ன வேணுமோ அது உன் விரல்ல இருக்கு. உனக்கு என்ன வேணுமோ அது அவன் ஜேப்புல இருக்கு. பஸ் ஓட்டறவளுக்கு இதுகூடவா சொல்லித் தரணும்? எதிர்ல வண்டி வந்தா நீ என்ன பண்ணுவ?"

"ஒதுங்கி வழி விடுவேன்."

"இந்தத் தடவை விடாதே."

அவள் அமுக்கவில்லை.

தோப்பின் ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருந்தது. மன்னிப்புகளை வரிசைப்படிதான் பெற்றுக்கொள்ள முடியும்; முன்னால் இருப்பதை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைத் தொட முடியாது. வரிசையை மீறுவது ஆதிக்க மனப்பான்மை என்று நெறிமுறை பதினொன்று சொன்னது. வீட்டுக்காரரின் மன்னிப்பு முன்னால் நின்றுகொண்டது. அதன் பின்னால் அன்றிரவுக்குள் நானூறு சேர்ந்தன. நான்காம் நாள் அறுநூற்றுப் பதினொன்று. தோப்பில் ஒருவர்கூட ஓர் அங்குலம் வளரவில்லை.

"படிக்கட்டுல ஒருத்தன் நகராம நின்னா அப்படித்தான்க்கா ஆகும்" என்றார் கண்டக்டர், திருப்தியோடு. "உள்ள போங்க உள்ள போங்கன்னு கத்த அங்க நான் இல்லையே!"

ஐந்தாம் நாள் வீட்டுக்காரரே போன் செய்தார்.

"நான்தாம்மா பேசறேன். ஆறு பக்கத்துக்குக் கேட்டிருக்கேன். படிச்சீங்களா?"

"படிச்சேங்க. நல்லா இருந்துச்சு. வீட்டைக் கொடுங்க."

"மன்னிப்பும் கேட்டு வீட்டையும் கொடுன்னா எப்படிம்மா? ஏதாவது ஒண்ணு கேளுங்க."

"அப்ப வீடுங்க. மன்னிப்பு வேண்டாம்."

"மன்னிப்பு வேண்டாம்னா நான் எப்படி நிழல் ஆகறது?" அவர் குரல் உண்மையிலேயே கலங்கியது. "என்னைத் தப்பா நினைக்காதீங்க. எனக்கு மனசுல ஒண்ணுமே கிடையாது. அக்கம்பக்கத்துல பேசுவாங்க. அவங்க இன்னும் தோப்புல சேரலையே! நான் மட்டும் வளர்ந்து என்ன பிரயோசனம்?"

மறுநாள் ஒருங்கிணைப்பாளர் நேரிலேயே வந்தார். கடைசி நிறுத்தத்தில் காலியாக நின்ற பேருந்தில் ஏறி, எங்கே உட்கார்ந்தால் தவறில்லை என்று புரியாமல் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உட்காருங்க மேடம். எல்லாமே சீட்டுதான்" என்றார் கண்டக்டர்.

"சக தாவரமே, நான் குறை சொல்ல வரல" என்று ஒருங்கிணைப்பாளர் டிரைவரம்மாவைப் பார்த்துத் தொடங்கினார். "ஆனா உங்களால தோப்பே வாடிட்டிருக்கு. அறுநூறு பேரோட வளர்ச்சியை ஒரு தனி மனுஷி தடுக்கறதுங்கறது... எங்க குழுவுல இதுக்கு ஒரு வார்த்தை தேடிட்டிருக்கோம். ஒடுக்குமுறைன்னு சிலர் சொல்றாங்க. நான்தான் வேண்டாம்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"அவர் வீட்டைக் கொடுத்தா நான் அமுக்கிடறேங்க."

"வீடுங்கறது பொருள்மா. நாம பேசறது மனசு."

"மனசுல கட்டில் போட முடியாதுங்க. எங்க அத்தைக்கு முட்டி வலி."

"கொடுத்து வாங்கினா மன்னிப்போட தூய்மை கெட்டுடும். வியாபாரம் ஆயிடும்."

"வாடகை வீடுங்க அது. வியாபாரந்தானே?"

கண்டக்டர் விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். சிரிப்பு வந்தால் அவர் அப்படித்தான் செய்வார்.

தோப்பின் நிர்வாகக் குழு மூன்று நாள் கூடிப் பேசியது. வீட்டை அந்தப் பெண்ணுக்கு வாடகைக்கு விடுவது பற்றி யாரும் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒருவர் யோசித்தார், அது மிகவும் எளிமைப்படுத்தப்பட்ட தீர்வு என்று மற்றவர்கள் எடுத்துச் சொன்னதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அந்த மன்னிப்பும் வரிசையில் போய் நின்றது. கடைசியில் எல்லாருக்கும் உகந்த முடிவு ஒன்று கிடைத்தது. வீட்டுக்காரர் அந்தத் தரைத்தள வீட்டைத் தோப்புக்கே ஒதுக்குவார். அது 'செவிமடுப்பு இல்லம்' ஆகும். டிரைவரம்மாவின் வேதனைக்கு அது அர்ப்பணிக்கப்படும். திறப்பு விழாவில் அவள் வந்து, எல்லார் முன்னிலையிலும் பொத்தானை அமுக்குவாள். விழா இணையத்தில் நேரலையாகப் போகும்.

அழைப்பிதழ் தடித்த காகிதத்தில் வந்தது. டிரைவரம்மா அதைப் படித்துவிட்டு மேசையில் போட்டாள்.

"போச்சு அத்தை. போர்டையும் எடுத்துட்டாங்க. இனி அங்க பன்னெண்டு நாற்காலி போட்டு வட்டமா உட்காருவாங்களாம்."

"முழுசாப் படி."

"'வரலாற்றின் மூடிய கதவுகளை உடைத்து'..."

"அது வேண்டாம், கீழ."

"'இது எங்கள் இல்லம் அல்ல. அன்புச் சக தாவரமே, இது உங்கள் இல்லம். இன்றே, இப்போதே, நிபந்தனையின்றி.' கீழ வீட்டுக்காரர் கையெழுத்து. ஒருங்கிணைப்பாளர் கையெழுத்து. நகராட்சி முத்திரை."

"இன்னொரு தடவை படி."

படித்தாள்.

மாமியார் சற்று நேரம் ஜன்னல் வழியாகக் கீழே போகிற வழுக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "உங்க டிப்போவுல மெக்கானிக் பசங்க இருக்காங்களே, அவங்க ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவாங்க?"

விழாவன்று செவிமடுப்பு இல்லம் பளபளவென்று இருந்தது. வாசலில் ரிப்பன். ரிப்பனுக்கு அருகே ஒரு சிறிய அறிவிப்பு: 'உள்ளே வருவோர் மூன்று நாள் முன்னதாக அனுமதி பெறவும்.' கூடத்தில் பன்னிரண்டு நாற்காலிகள், ஒரு பெரிய திரை, திரையில் வரிசை முழுவதுக்கும் சேர்த்துத் தட்டு அளவுக்கு ஒரே பச்சைப் பொத்தான். கேமராவுக்குப் பின்னால் தோப்பின் உறுப்பினர்கள் அத்தனை பேரும் அவரவர் அலமாரிக்கு முன்னால் காத்திருந்தார்கள்.

வீட்டுக்காரர் பேசினார். "இந்தக் கதவு இனி இவருக்கு மூடாது. இந்தச் சுவர் இனி இவருடைய சுவர். இதோ, இந்த இல்லத்தின் சாவியை என் கையால் இவருக்குக் கொடுக்கிறேன்!"

மூன்றடி நீளத்துக்கு அட்டையில் வெட்டித் தங்கத் தாள் ஒட்டிய சாவி ஒன்றை அவர் தூக்கிக் கொடுத்தார். இலைகள் பொழிந்தன. டிரைவரம்மா அதை இரண்டு கையாலும் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"சாவிங்க?" என்றாள்.

"அதான் கையில இருக்கேம்மா."

"இது எந்தப் பூட்டுக்குள்ளயும் போகாதுங்க."

ஒருங்கிணைப்பாளர் அவள் காதருகே குனிந்தார். "அது ஒரு அடையாளம்மா. பொத்தானை அமுக்கிடுங்க, எல்லாரும் பார்க்கறாங்க."

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. டிப்போ மெக்கானிக்குகள் நான்கு பேர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ரிப்பனைத் தாண்டி உள்ளே வந்தார்கள். நாற்காலியில் மாமியார் உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு படி இறங்கி வந்ததில், நாற்காலி தூக்கியவர்களைவிட அவருக்குத்தான் அதிகமாக வேர்த்திருந்தது. பின்னால் கண்டக்டர் ஒரு ஸ்டவ்வையும் சுருட்டிய மெத்தையையும் கொண்டுவந்தார். தெருவில் ஒரு சின்ன வண்டி நிறையச் சாமான் நின்றது.

"பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் மாமியார்.

"அம்மா, நீங்க... இது செவிமடுப்பு இல்லம்..."

"ஆமா, கேட்டேன். என் மருமக இல்லம்னு இப்பத்தானே சொன்னீங்க? வாசல்ல நின்னு கேட்டுட்டுத்தான் வந்தேன். கார்டுலயும் போட்டிருக்கு." அழைப்பிதழைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். "'நிபந்தனையின்றி.' எழுத்துப் பெருசாத்தான் இருக்கு, எனக்கே தெரியுது."

"அதெல்லாம் அடையாளமாச் சொல்றதும்மா" என்றார் வீட்டுக்காரர், சிரித்தபடியே, உதட்டை அசைக்காமல்.

"என் முட்டி அடையாளமா வலிக்கல தம்பி. நிஜமாத்தான் வலிக்குது. நிஜச் சாவியைக் கொடு."

டிரைவரம்மா பையிலிருந்து வாடகை ஒப்பந்தத்தை எடுத்தாள். பலகையில் எழுதியிருந்த அதே வாடகை, அதே முன்பணம். இலவசமாக ஒன்றும் வேண்டாம் என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள். பேனாவையும் திறந்து நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க. போட்டதும் அமுக்கறேன்."

வீட்டுக்காரர் கேமராவைப் பார்த்தார். கேமராவுக்குப் பக்கத்துத் திரையில் உறுப்பினர்களின் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. பல் மருத்துவர் எழுதினார்: 'என்ன ஓர் உண்மையான தருணம்! கையெழுத்துப் போடுங்கள்.' ஓவிய ஆசிரியை: 'போடுங்கள். என் இரண்டும் பாக்கி.' அடுத்து வந்தது: 'எனக்கு இந்தச் செவ்வாய்க்குள்ளாவது மரம் ஆகணும், சீக்கிரம் போடுங்க சார்.' பிறகு அறுநூறு பேரும் ஒரே குரலில் எழுதத் தொடங்கினார்கள். தோப்பின் மூன்று வருட வரலாற்றில் எல்லாரும் ஒரே விஷயத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். அந்த நொடியில் அவர் வளர்ந்தாரா என்று தெரியாது. கையெழுத்து தெளிவாக இருந்தது. ஜேப்பிலிருந்து சாவி வந்தது, விரல் நீளம்தான். டிரைவரம்மா அதைப் பூட்டில் போட்டு ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, பொத்தானை அமுக்கினாள். 'என் மனம் லேசானது' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். 'மிகவும்' போடவில்லை.

"அப்ப நாங்க எங்க உட்கார்ந்து செவிமடுக்கறது?" என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார்.

"நாற்காலி இருக்கே, வாங்க" என்றார் மாமியார். "நான் ஏழு மாசமா யார்கூடவும் பேசல. கேட்கறதுக்கு நிறைய இருக்கு. இப்ப அந்தக் கட்டிலோட அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடிங்க."

ஒருங்கிணைப்பாளர் பிடித்தார். வீட்டுக்காரர் இன்னொரு பக்கம் பிடித்தார். நேரலை இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால், விழாவுக்கு வந்திருந்த நகராட்சி அதிகாரி ஒருவர் ஸ்டவ்வை எடுத்துக்கொண்டார்.

தோப்பின் அந்த ஆண்டு அறிக்கை நூற்று எண்பது பக்கம். அதில் இந்த நிகழ்ச்சிக்கு மூன்று வரி ஒதுக்கியிருந்தார்கள். 'இவ்வாண்டு அறுநூற்றுப் பதின்மூன்று மன்னிப்புகள் ஒரே நாளில் நிறைவேறின. நம் முதல் நிழல் உருவானார். நடைமுறையின்போது ஒரு வீடு வாடகைக்கு விடப்பட்டுவிட்டது. இது எதிர்பாராத விளைவு. மீண்டும் நிகழாமல் தடுக்க நெறிமுறை பன்னிரண்டு சேர்க்கப்படுகிறது.'

அறிக்கை வந்த அன்று டிரைவரம்மா அதைப் படிக்கவில்லை. அன்று திங்கள்கிழமை. காலை எட்டு ஐந்துக்குப் பதினேழாம் எண் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் நின்றபோது, கம்பை ஊன்றிக்கொண்டு வரிசையில் நாலாவதாக மாமியார் நின்றிருந்தார். தனியாக நடந்து வந்திருந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியையும் திட்டிக்கொண்டே ஏறினார். டிரைவரம்மா பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன, அவள் நகர்த்தவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்த மாமியார், தெருவில் போகிறவர்களை நேருக்கு நேராக, முகம் முகமாகப் பார்த்தார்.

கண்டக்டர் டிக்கெட் கட்டோடு வந்து நின்றார். "எங்க இறங்கணும் பெரியம்மா?"

"இறங்கறதா? இப்பத்தானேப்பா ஏறியிருக்கேன்" என்றார் அந்த அம்மாள். "கடைசி வரைக்கும் கிழி. திரும்பி வர்றதுக்கும் கிழி."